தாராவியில் 350 சதுர அடி வீடு யாருக்கு?

ராயகிரி:
மும்பை தாராவியில் அண்ணன், மாமா, மச்சான் என்று யாராவது இருக்கும் குடும்பங்கள் நெல்லை, தென்காசி பக்கம் ஏராளம். தோல் பதனிடும் வேலைக்காக நூறு வருடத்துக்கு முன்பே ரெயில் ஏறியவர்களின் வாரிசுகள் அவர்கள். 'காலா' (2018) படத்தில் ரஜினி நெல்லைக்காரராக வருவது சும்மா இல்லை!

அங்கே 90 அடி ரோடு நம்மூர் கடைத்தெரு மாதிரிதான். பிள்ளையார் கோவில், இட்லி வியாபாரம், தமிழ் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. தைப்பொங்கல் அன்று பெண்கள் நடுரோட்டிலேயே வரிசையாக அடுப்பு மூட்டி பானை வைக்கிறார்கள். மும்பைக்காரர்களே நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இப்போது அந்த வீடுகளை இடித்து கட்டும் திட்டம் நடக்கிறது. 2022-ல் அதானி குழுமம் டெண்டரை எடுத்தது. 2024-ல் வீடு வீடாக கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பு இருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்கு பின், 2011-க்குள் வந்தவர்களுக்கு வெளியே 300 சதுர அடி, விலை இரண்டரை லட்சம். மாடியில் இருப்பவர்களும் வெளியேதான் போக வேண்டும். வாடகையாக கட்டிக் கழித்தால்தான் வீடு சொந்தம்.

இதில்தான் சிக்கல். கீழ்வீட்டில் அண்ணன், மேலே தம்பி என்று இருக்கும் குடும்பம் ரெண்டாக பிரிந்துவிடும். பழைய கரண்ட் பில், ரேசன் கார்டை ஊரில் டிரங்கு பெட்டியில் வைத்திருப்பவர்கள் உடனே தேடி எடுத்து அனுப்புவது நல்லது.