சுவர் தாண்டும் வெளிச்சம்

சென்னையில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே திரும்ப வேண்டும். மேற்கே அம்பத்தூர், பூந்தமல்லி, தாம்பரம் என்று ஊர் முடிவில்லாமல் நீள்கிறது. நள்ளிரவிலும் அந்தப் பக்கத்து வானம் வெளிறியே கிடக்கும். வடக்கே துறைமுகமும் எண்ணூரும். தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். மிச்சமிருப்பது வங்கக் கடலுக்கு மேலே விரியும் வானம் மட்டும்தான். அங்கே தெருவிளக்கு இல்லை, விளம்பரப் பலகை இல்லை. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களையும் மீன்பிடிக்கப் போன படகுகளையும் விட்டால் வேறு வெளிச்சமே கிடையாது.

இத்தனை பெரிய நகரத்துக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஒரு பக்கத்து இருட்டையும் கரையோரத்து வீடுகள் பல இப்போது வெளுத்துக்கொண்டிருக்கின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், கானத்தூர் என்று போகும்போது சாலையிலிருந்து பார்த்தால் உயரமான கேட்டும் மரங்களும்தான் தெரியும். அதே வீடுகளை ராத்திரியில் மணலில் நின்று பார்க்க வேண்டும். பின்மதிலின் மேல் வரிசையாக ஃப்ளட்லைட்டுகள், அத்தனையும் அலையைப் பார்த்தபடி. தென்னை மரங்களின் அடியில் மேல்நோக்கிப் பதித்த விளக்குகள். ஓலை பளபளக்க வேண்டுமாம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைச் சுற்றி நீல வெள்ளைப் பட்டை. வார இறுதியில் கல்யாண வரவேற்போ விருந்தோ நடந்தால், வானத்தைத் துழாவும் சுழல்விளக்கும் சேர்ந்துகொள்ளும்.

அப்படி ஒரு மதிலுக்கு அருகே காவலுக்கு இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்த லைட்டை யாருண்ணே போடுறது?" என்றேன்.

"அது தானா எரியுது சார். டைமர் வெச்சிருக்காங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வரும், காலைல ஆறு மணிக்குப் போயிரும்."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல சார். ஓனரு பொங்கலுக்கு வந்துட்டுப் போனாங்க."

"காவலுக்கு இந்த வெளிச்சம் உதவியா இருக்கா?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க சார், கண்ணுதான் கூசுது. எதிர்ல யாராச்சும் வந்தாக்கூட வெறும் நெழலாத்தான் தெரியும். நான் ஷெட்டுக்குப் பின்னால போய் உக்காந்துக்குவேன்."

பாதுகாப்புக்காகப் போட்ட விளக்கால் பாதுகாக்க வந்தவருக்கே கண் தெரியவில்லை. இதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். இப்படி ஒரு விளக்குக்கு எதிரே மணலில் நின்றால் மதிலடி முழுக்கக் கன்னங்கரேலென்று இருக்கும். கையை நீட்டி அந்த விளக்கை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சில நொடிகளில் மதிலோரம் கவிழ்த்துவைத்த படகு தெரியும், வலைக்குவியல் தெரியும், அதன் மேல் சுருண்டு படுத்திருக்கும் நாய் தெரியும். கையை எடுத்தால் அவ்வளவும் மறைந்துவிடும். திருடன் ஒளிந்துகொள்ள அந்த மதிலடியைவிட வசதியான இடம் உண்டா?

நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பழகிய கண்ணைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். அடுத்த வீட்டுக்காரர் நட்சத்திரம் பார்க்க மாடிக்கு வந்தால், இந்த மதில் விளக்கின் ஒரு கீற்று கண்ணில் பட்டதும் அவர் வந்த வேலை முடிந்துவிடுகிறது. நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வாசலில் கொட்டினால் தெருவே கூடிச் சண்டைக்கு வரும். வெளிச்சத்தைக் கொட்டினால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது குப்பையாகத் தெரியாததுதான் சிக்கல்.

கண்ணில் நேராகப் படுவது ஒரு பங்கு. மேலே போகும் வெளிச்சமும், மணலிலும் அலையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் காற்றிலுள்ள நுண்துகள்களில் மோதிச் சிதறி, ஊருக்கு மேலே வெண்திரையாகக் கவிகின்றன. கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம் என்பதால் இந்தச் சிதறலும் அதிகம். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதைப் போன்ற ஒரு சிதறல்தான் காரணம்: நீல ஒளி மற்ற நிறங்களைவிடக் கூடுதலாகச் சிதறும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளில் நீலம் குறைவு. அதற்குப் பதிலாக வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் மிகுதி. அதுவும் விலை குறைந்து, மின்செலவும் குறைந்ததும், ஒரு விளக்கு எரிந்த இடத்தில் நான்கு எரிகின்றன. 2011-லிருந்து 2022 வரை பொதுமக்கள், பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், தங்கள் வெறுங்கண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று பார்த்து அனுப்பிய பதிவுகளைத் திரட்டி, 2023-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. வானத்தின் பின்னணி வெளிச்சம் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிகிற ஊரில், அந்தக் குழந்தைக்கு 18 வயதாகும்போது 100 தான் தெரியும் என்பது அதன் கணக்கு.

சென்னை வானம் பார்த்த ஊர் என்பதால் எனக்கு இன்னும் வலிக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் இருந்தது. 1861-ல் வானியலாளர் நார்மன் போக்சன் இங்கிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து 'ஆசியா' என்று பெயர் வைத்தார். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 'ஆர் ரெடிகுலி' என்ற பெயரில் அது வானியல் பட்டியல்களில் இன்றும் இருக்கிறது. அது தென்கோடி வானத்து விண்மீன். சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் அதிகபட்சம் 14 பாகை உயரம்தான் வரும். அவ்வளவு தாழ்வான இடத்தில், தொலைநோக்கிக்கு மட்டுமே தெரியும் ஒரு மங்கல் புள்ளி வெளிச்சம் மாறுகிறது என்பதை நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கண்டுகொண்டார் என்றால் அன்றைய இரவு எவ்வளவு கருப்பாக இருந்திருக்க வேண்டும்! இன்று அதே திசையில், அதே உயரத்தில், ஊரின் வெளிச்சப் புகைமூட்டம் மட்டுமே இருக்கிறது.

கடற்கரையில் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சமுண்டு. பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பது, பத்து மணிவாக்கில் தெற்கே அகத்திய நட்சத்திரம் நன்றாகத் தெரியும். மார்ச் கடைசியில் நள்ளிரவுக்குக் கரையோரமாகத் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு எட்டாத காட்சி அது. நம் அட்சரேகை நமக்குத் தந்த கொடை.

அந்தச் சமயத்தில் கடற்கரையில் விழித்திருப்பவர்கள் ஆமை நடை போகிறவர்கள். 1970-களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் சென்னைக் கரையில் தொடங்கிவைத்தது. 1988 முதல் மாணவர்கள் அமைப்பு ஒன்று விடாமல் நடத்திவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஈர மணலில் ஆமைத் தடம் தேடி, டார்ச் அடிக்காமல் நடப்பார்கள். பருவம் ஜனவரியில் தொடங்கிப் பங்குனி தாண்டும். ஆலிவ் ரிட்லி ஆமைக்கு இங்கே பங்குனி ஆமை என்றே பெயர்.

தாய் ஆமை ராத்திரியில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலை மூடி, உடம்பை இடமும் வலமுமாக அசைத்துத் தட்டிச் சமன்செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏழு வாரம் போல ஆனதும், மணல் குளிர்ந்த ஓர் இரவில் குஞ்சுகள் ஒன்றாக மேலே வரும். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. வழிகாட்டத் தாய் இல்லை. அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இருட்டான மணல்மேட்டுக்கு முதுகைக் காட்டி, தாழ்வாகத் தெரியும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடு. நட்சத்திரமும் நிலவும் பட்டு மின்னும் கடல்தான் கரையிலேயே வெளிச்சமான இடம். எத்தனையோ லட்சம் ஆண்டுகள் அந்தக் கணக்கு தப்பவில்லை.

மதில் விளக்கு அந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. யார் கண்ணிலும் படாமல் பொரித்த கூடு ஒன்றின் தடங்களைக் காலையில் மணலில் பார்த்தால் நடந்தது புரியும். இருபுறமும் சின்னத் துடுப்புக் கீறல் போட்ட தடங்கள் குழியிலிருந்து விசிறியாகக் கிளம்புகின்றன. சில, கடலுக்கு முதுகைக் காட்டி நேரே மதிலுக்குப் போகின்றன. சில, பாதி வழியில் வட்டமிட்டு வட்டமிட்டுத் தடுமாறியிருக்கின்றன. மதிலடியோடு நீளும் தடம் ஒன்று சந்து வழியே சாலைப் பக்கம் திரும்புகிறது. நாய்க்கால் தடம் குறுக்கே வரும் இடத்தில் குட்டித் தடம் நின்றுபோகிறது. தப்பியவற்றை விடிந்ததும் காகங்களும் வெயிலும் முடித்துவிடும்.

அதனால்தான் தன்னார்வலர்கள் முட்டைகளை அள்ளிக் காப்பகத்தில் புதைத்து, பொரித்த பிறகு கடலில் விடுகிறார்கள். போற்றத்தக்க பணி. ஆனால், ஆமை தானே தேர்ந்தெடுத்த இடத்தில் முட்டையை விட்டுவைக்க முடியாமல் போனதற்கு நாய்களோடு இந்த விளக்குகளும் காரணம் என்பதை மறக்கக் கூடாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்தவை அவற்றில் பெரும்பாலானவை என்றார்கள். விளக்கு அதற்குப் பொறுப்பில்லை. ஆனால் கடலில் அத்தனையைப் பறிகொடுத்துவிட்டு, கரைசேர்ந்தவற்றின் குஞ்சுகளையும் ஓர் அலங்கார விளக்குக்காக இழப்பதை எப்படிப் பொறுப்பது?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பேச வேண்டும். கடற்கரை வெளிச்சம் என்றதும் முதலில் குப்பத்து உயர்கோபுர விளக்கைத்தான் கைகாட்டுகிறார்கள். அது நியாயமில்லை. மீனவர் குப்பங்கள் தெருவிளக்குக்கு மனுக் கொடுத்துக் காத்திருந்து வாங்கியவை. விடியுமுன் படகு இறக்கவும், மீன்கூடையோடு பெண்கள் நடந்து போகவும் வெளிச்சம் வேண்டும். விடிவெள்ளியையும் ஆறாமீனையும் பார்த்து நேரம் கணித்த மக்கள் அவர்கள். இருட்டின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழே இறக்குவது மாநகராட்சியின் வேலை. ஆமைப் பருவத்தில் கரையோர விளக்குகளை அணைக்கச் சொல்லும் வேண்டுகோள், ஆளில்லாத பங்களாவின் மதிலுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

விளக்கே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மதில் விளக்கைத் திருகி மண்ணைப் பார்க்க வையுங்கள். மேலேயும் பக்கவாட்டிலும் வெளிச்சம் போகாதபடி மூடியுள்ள விளக்காக வாங்குங்கள். வெள்ளைக்குப் பதில் அடர்மஞ்சள்; ஆமைக் குஞ்சின் கண்ணை அது அவ்வளவாக இழுப்பதில்லை, வானத்திலும் குறைவாகவே சிதறும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியும் சென்சார் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. காவலுக்கும் அதுதான் உகந்தது. தென்னைமர விளக்கைப் பதினோரு மணிக்கு மேல் யார் ரசிக்கப்போகிறார்கள்? அணைத்துவிடுங்கள்.

புளோரிடாவின் கடலோர ஊர்கள் பலவற்றில், ஆமைப் பருவத்தில் மணலில் நிற்பவர் கண்ணில் வீட்டு விளக்கு படக்கூடாது என்று உள்ளாட்சி விதியே இருக்கிறது. லடாக்கின் ஹன்லேயை 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தபோது, அங்குள்ள கிராமத்து மக்கள் ஜன்னலுக்குத் திரை போடவும் விளக்குக்கு மூடி மாட்டவும் இசைந்தார்கள். இன்று அவர்களே தொலைநோக்கி வைத்து விருந்தினருக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். நம் நாட்டில் காற்று மாசுக்கு 1981-ல் சட்டம் வந்தது. ஒலி மாசுக்கு 2000-ல் விதிகள் வந்தன. ஒளிக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை ஆமை முட்டையிடும் இடங்களை மிகுந்த பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆமையோ வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆமைக்கும் அது முட்டையிடும் மணலுக்கும் இவ்வளவு காவல் இருந்தும், பக்கத்து மதிலிலிருந்து வரும் வெளிச்சத்தை யாரும் தடுப்பதில்லை.

டெல்லிச் சட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று 2003-ல் தமிழ்நாடு முடிவெடுத்தது. வரைபடத்தில் அதைக் காட்டாவிட்டால் அனுமதி இல்லை என்றதும் ஊரே செய்தது. கடலைப் பார்த்த மனைகளுக்கு அதே விண்ணப்பத்தில் இன்னொரு வரி சேர்க்கலாம்: கடல் பக்கம் எத்தனை விளக்கு, எந்த நிறம், எதைப் பார்த்து, எத்தனை மணி வரை. பழைய வீடுகளுக்குக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் டிசம்பரிலேயே ஒரு சுற்று போய்ச் சொல்லலாம். வீட்டுக்காரர் ஊரில் இல்லையென்றால் டைமரின் நேரத்தை மாற்ற வாட்ச்மேனுக்கு ஒரு போன் போதும்.