ஈரத்துக்குக் கதவடைப்பு

சில்லுகளைக் காக்கும் அலமாரியில் ஈரத்தைக் குறைப்பது சுலபம். எல்லாத் தட்டிலும், எல்லா நேரமும் அதை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் எலெக்ட்ரானிக் சிட்டியின் தொழிற்கூடங்களுக்குத் தினசரிச் சோதனை.

ஆகஸ்ட் மாதக் காலை. ஓசூர் சாலையில் விடாத தூறல். மெட்ரோவிலும் கம்பெனி பஸ்ஸிலும் வந்து இறங்குகிறவர்கள் குடையை உதறிவிட்டு ஷிப்டுக்குள் நுழைகிறார்கள். இந்தப் பருவத்தில் பெங்களூரின் காலை நேரக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதே நேரத்தில், சர்க்யூட் போர்டு தயாரிக்கும் கூடத்தின் ஸ்டோரில் நிற்கும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரியின் முகப்பில் ஒளிர வேண்டிய எண் 5 அல்லது அதற்கும் கீழே. பாலைவனத்துக் கோடையில்கூட இப்படிப்பட்ட வறட்சி அபூர்வம்.

அலமாரிக்குள் இருப்பவை கறுப்பு பிளாஸ்டிக் உடம்பும் வெள்ளி நிறக் கால்களும் கொண்ட ஐ.சி.க்கள். சினிமா பிலிம் போலச் சுருள்களில் சுற்றப்பட்டு, தட்டுத்தட்டாக அடுக்கப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரே படாமல், வெறும் காற்று பட்டே அவை கெட முடியும் என்பதுதான் வெளியுலகுக்குத் தெரியாத விஷயம்.

கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ், கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களையொட்டி 332 ஏக்கரில் இந்தப் பேட்டையை உருவாக்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். மின்னணுப் பொருள்களை மனதில் வைத்துத்தான் பெயரே சூட்டப்பட்டது. பிறகு இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற மென்பொருள் நிறுவனங்கள் வந்து பேட்டையின் முகத்தையே மாற்றிவிட்டன. ஆனாலும் போர்டில் ஐ.சி.யை வைத்துப் பற்றவைக்கும் வேலை நின்றுவிடவில்லை. பொம்மசந்திரா, அத்திப்பள்ளி, எல்லை தாண்டி ஓசூர் என்று அந்தத் தொழில் சாலையோரமாகவே நீண்டிருக்கிறது. கணிப்பொறித் திரையில் பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம். இங்கே பிழை பொருளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒளிந்துகொள்ளும் விதம் இதுதான். ஐ.சி.யின் கறுப்பு உடம்பு எபாக்ஸி என்ற பிளாஸ்டிக். பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும் அது காற்றிலிருந்து நீராவியை மெல்ல மெல்ல உறிஞ்சும். எடை கூடியது கைக்குத் தெரியாது. நிறமும் மாறாது. பிறகு அந்த ஐ.சி. போர்டில் ஏறி, ரீஃப்ளோ என்ற நீண்ட அடுப்புக்குள் போகிறது. சில நிமிடங்களில் வெப்பம் 245 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஆவியாகிறது. 260 டிகிரியில் நீராவியின் முழு அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 40 மடங்குக்கும் அதிகம். நம் வீட்டு பிரஷர் குக்கர் விசிலடிப்பது சுமார் இரண்டு மடங்கிலேயே. அந்த அழுத்தம் முழுதாக உருவாகாவிட்டாலும் பிளாஸ்டிக் உப்புவதற்கும் உள் அடுக்குகள் பிரிவதற்கும் அதில் ஒரு பகுதி போதும். சில சமயம் வெடிப்பு விழும்போது சத்தமே கேட்கும். அதனால் தொழிலில் இதற்குச் சோளப்பொரி என்றே பெயர்.

சத்தம் கேட்டால் நல்லது. கெட்ட ஐ.சி.யைத் தூக்கி எறிந்துவிடலாம். சத்தமே இல்லாமல் உள்ளே மயிரிழை விரிசல் விழுவதுதான் ஆபத்து. தலைமுடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பி பாதி அறுந்து நிற்கும். சோதனை மேஜையில் போர்டு தேறிவிடும். காரிலோ, மருத்துவமனைக் கருவியிலோ, டெலிபோன் கோபுரத்திலோ பல மாதங்கள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு நாள் மீதிக் கம்பியும் விட்டுப்போகும். ஒரு மழைக்காலக் காலையில் திறந்தே கிடந்த அலமாரிக் கதவுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

ஈயம் கலந்த பழைய பற்றாசு இதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயத்துக்குத் தடை வந்தது. ஈயமில்லாப் பற்றாசுக்கு அடுப்பின் சூட்டை இன்னும் ஏற்ற வேண்டியிருந்தது. சூடு ஏறியதும் ஈரத்தின் குற்றமும் கூடிவிட்டது.

அமெரிக்காவில் உருவாகி உலகமெங்கும் பின்பற்றப்படும் தொழில் விதிகள், ஒவ்வொரு ஐ.சி.க்கும் ஈரத்தைத் தாங்கும் தரத்தை நிர்ணயித்திருக்கின்றன. முதல் தரத்துக்குக் கெடுவே இல்லை. மூன்றாம் தரமென்றால் பையைப் பிரித்ததிலிருந்து 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். நான்காம் தரத்துக்கு 72 மணி. ஐந்தாம் தரத்துக்கு 48 மணி. அதற்கடுத்த படியில் வெறும் 24 மணி. இந்தக் கணக்கெல்லாம் அறையின் வெப்பம் 30 டிகிரிக்கும் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கும் மேல் போகாது என்ற நிபந்தனையின் பேரில்தான். ஏ.சி. இல்லாமல், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யும் சிறு கூடத்தில் ஆகஸ்ட் காலையின் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும்.

உலர் அலமாரியின் வேலை அந்தக் கடிகாரத்தை நிறுத்திவைப்பது. ஈரப்பதம் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை நேரம் நகராது. சில தரங்களுக்கு, ஐ.சி. வெளியே இருந்ததைப் போலப் பல மடங்கு நேரம் அலமாரிக்குள் கிடந்தால் இழந்த நேரமும் திரும்பக் கிடைக்கும். இந்தச் சலுகை முழுக்க அந்த 5 என்ற எண் உண்மையாக இருப்பதைப் பொறுத்தது.

அப்படியானால் கூடம் முழுவதையுமே வறட்சியாக்கிவிட்டால் என்ன? முடியாது. காற்று மிகவும் காய்ந்தால் நிலைமின்சாரம் சேரும். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது கை விரலில் சுரீரென்று படும் பொறி மனிதனுக்கு வெறும் அதிர்ச்சி. ஐ.சி.க்கு அது மரணம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கும் பெங்களூரில் மார்ச் மாதப் பிற்பகல்களில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது கூடத்துக்குள் ஈரத்தை வேண்டி விரும்பிச் சேர்க்கிறார்கள். ஆக, மனிதர்கள் நடமாடும் அறைக்கு 40 முதல் 60 சதவீதம் வரை. அதே அறையின் மூலையில் நிற்கும் அலமாரிக்கு 5. இரண்டு பருவநிலைகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு, அதன் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை.

அந்தக் கதவு திறக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். 25 டிகிரியில், 5 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீர் ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். வெளியே 60 சதவீதமென்றால் கிட்டத்தட்ட 14 கிராம். கதவை அகலத் திறந்துவைத்து, எந்தச் சுருள் எங்கே என்று தேடும் அரை நிமிடத்தில் உள்ளே இருக்கும் காற்றில் பெரும்பகுதி மாறிவிடும். கதவு திறந்து மூடிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அலமாரி தன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்கிறது விதி. நல்ல அலமாரிகள் அதைவிடச் சீக்கிரமே திரும்பும். ஆனால் லைன் ஓடும் பகல் வேளையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் திறந்தால்? காலை எட்டு மணிக்குப் பதிவேட்டில் 3 என்று எழுதப்பட்டிருக்கும். பகல் முழுக்க அலமாரி பதினைந்தில் தவித்துக்கொண்டிருக்கும்.

இதையே தலைகீழாகப் பார்க்க விரும்பினால், ஈரத்தை விரும்பும் பெட்டி ஒன்றும் உண்டு. அது சுருட்டுப் பெட்டி. திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றப்பட்ட சுருட்டுக்கு ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்த பெயர் இருந்தது. 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிக்கிறார். உயர்ரகச் சுருட்டை மரப் பெட்டியில் 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைப்பது வழக்கம். குறைந்தால் மேல் இலை நொறுங்கும். கூடினால் பூசணம் பிடிக்கும். கூடவே சூடும் ஏறினால் புகையிலை வண்டு முட்டையிலிருந்து வெளியே வந்து துளைபோட ஆரம்பிக்கும். கேமரா லென்ஸுக்கு 40 முதல் 50 சதவீதம் ஏற்றது. மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது பெங்களூர்ப் புகைப்படக்காரர்களுக்குப் பழகிய தலைவலி.

ஒரே காற்று, மூன்று விதமான எண்கள். மூன்றுக்கும் எதிரி ஒன்றுதான்: ஏற்ற இறக்கம். ஈரப்பதம் என்பது காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. 25 டிகிரியில் 70 சதவீதமாக இருக்கும் காற்றை, ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் 20 டிகிரிக்குக் குளிரவைத்தால் ஈரப்பதம் 93ஐ எட்டும். சுருட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வெயிலும் மறுபக்கத்தில் ஏ.சி. காற்றும் பட்டால் ஒரு மூலை காயும், மறு மூலை பூசணம் பூக்கும். மூடியில் பதித்த மானி எழுபது என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

தொழிற்கூட அலமாரியிலும் இதே கதைதான். ஈரத்தை உறிஞ்சும் கருவி ஒரு பக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் இருப்பது ஜியோலைட் போன்ற உறிஞ்சுபொருள். மிகக் குறைந்த ஈரத்தில் சிலிகா ஜெல்லைவிட அது நன்றாக வேலை செய்யும். நிரம்பியதும் கருவி அதைச் சூடாக்கி ஈரத்தை வெளியே துரத்திவிட்டு மறுபடி உறிஞ்சத் தொடங்கும். ஆனால் உறிஞ்சப்படுவது கருவிக்கு வந்து சேரும் காற்றின் ஈரம் மட்டுமே. சுருள்களைச் சுவரோடு சுவராக நெருக்கி அடுக்கினால் பின்மூலைக் காற்று அங்கேயே தேங்கும். உணர்கருவி உறிஞ்சும் கருவிக்குப் பக்கத்திலேயே இருந்தால் முகப்பு எண் எப்போதும் நல்ல செய்தியைத்தான் சொல்லும்.

பரிகாரங்கள் பெரிய விஞ்ஞானம் அல்ல. ஓட்டை போட்ட தட்டுகள், சுவருக்கும் சுருளுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி, அலமாரியை நிரப்பி வழியவிடாமல் இருப்பது. அட்டைப் பெட்டியை உள்ளே வைக்கவே கூடாது. அட்டையும் காகிதமும் வெளியிலிருந்து குடித்துவந்த ஈரத்தை மணிக்கணக்கில் உள்ளே கக்கும். அடிக்கடி எடுக்கும் ஐ.சி.க்களுக்குத் தனிச் சிறு அலமாரி வைத்தால் பெரிய அலமாரியின் கதவு சும்மா இருக்கும். எந்தத் தட்டில் எந்தச் சுருள் என்று கதவின் வெளியே எழுதி ஒட்டினால் தேடும் நேரம் மிச்சம். கருவிக்கு எதிர்மூலையில் தனியாக இரண்டாவது மானி ஒன்றை வைத்துவிட்டால் முகப்பு எண்ணின் பொய் வெளிப்பட்டுவிடும்.

மானியே பொய் சொன்னால்? அதற்குச் சமையலறையில் சாட்சி இருக்கிறது. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரக் குழம்பாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 80 காட்டினால் அதில் 5 பொய் என்று அர்த்தம். சுருட்டுப் பெட்டிக்காரர்களும் கேமராக்காரர்களும் காலங்காலமாகச் செய்யும் சோதனை இது. 5 சதவீதத்தில் இயங்க வேண்டிய தொழிற்கூட மானிக்கு இது போதாது. லித்தியம் குளோரைடு உப்பு 11 சதவீதத்தில் நிற்கும். அதற்கும் கீழே ஆய்வுக்கூடச் சான்று வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் இதற்கெல்லாம் ஆளும் பதிவேடும் உண்டு. சிக்கல் சிறு கூடங்களுக்குத்தான். பெரியவர்களிடமிருந்து வேலை வாங்கிச் செய்யும் கூடத்தில் அலமாரிக்கு ஒதுக்கப் பணம் இருக்காது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையும் சிலிகா ஜெல் பொட்டலமுமே கதி. சாதாரண பிளாஸ்டிக் பை ஈரத்தை மெல்ல உள்ளே விடும். ஐ.சி.க்கள் வந்திறங்கும் அலுமினியப் படலப் பையோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்தப் பைக்குள் ஒரு சிறு அட்டையும் இருக்கும். ஈரம் பட்டால் அதிலுள்ள புள்ளிகள் நிறம் மாறும். பையைப் பிரித்தவுடன் அதைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் அது குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது.

தவறவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஈரம் குடித்த ஐ.சி.யை 125 டிகிரியில் பல மணி நேரம் வைத்து உலர்த்தலாம். ஆனால் பிளாஸ்டிக் சுருள் அந்தச் சூட்டைத் தாங்காது. 40 டிகிரியில் உலர்த்தினால் நாள்கணக்கில், தடித்த ஐ.சி. என்றால் வாரக்கணக்கில் ஆகும். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கால்களில் ஆக்சைடு படிந்து பற்றாசு ஒட்டாது. பத்து விநாடியில் மூடியிருக்க வேண்டிய கதவுக்கு இது தண்டனை.

சில்லுத் தொழிலை வளர்க்க மத்திய அரசு 2021 டிசம்பரில் ரூ.76,000 கோடி திட்டத்தை அறிவித்தது. பேச்செல்லாம் கோடிகளையும் நானோமீட்டர்களையும் பற்றியே இருக்கிறது. ஆனால் எந்த நாட்டில் செய்த சில்லாக இருந்தாலும், அது கடைசியில் ஒரு ஸ்டோரில், ஒரு அலமாரியில் சில நாட்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நாட்களுக்குப் பொறுப்பு பெரும்பாலும் ஸ்டோர் பொறுப்பாளர் கையிலும், ஒப்பந்தக் கூலிக்கு லைனில் நிற்கும் பெண்களின் கையிலும் இருக்கிறது. கதவை ஏன் உடனே மூட வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கதவை மூடவும்" என்ற அறிவிப்பு மட்டும் போதாது. காரணம் தெரிந்த கை தானாகவே கதவை மூடும்.