தீயணைப்புப் படையின் தண்டல்



பெரட்டுக்குப் போய் வந்த குடும்பங்களுக்குத் தண்டலைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேலே துரையும் கிராணியும், கீழே பால்வெட்டு ஆட்கள், நடுவில் அவர். மழை தூறும் காலையில் மரம் வெட்டலாமா, கூடாதா என்று ஆட்கள் பார்ப்பது அவர் முகத்தைத்தான். நாம் 'பொம்பா' என்றழைக்கும் தீயணைப்பு மீட்புப் படையிலும் இத்தகைய நடுநிலை அதிகாரி உண்டு. (பொம்பா என்பது போர்த்துகீசியச் சொல்; தண்ணீர் இறைக்கும் பம்பைக் குறிக்கும்.) நான்கைந்து ஆட்களோடு வண்டியில் முதலில் வந்து இறங்குபவர் அவர். பெரிய அதிகாரி வந்து சேரும்வரை எடுக்கவேண்டிய முடிவெல்லாம் அவர் தலையில்தான்.

அந்த முடிவு எவ்வளவு கனமானது என்பதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேடவேண்டாம். ஈப்போவைச் சுற்றியும் கிந்தா பள்ளத்தாக்கு நெடுகவும் ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் கிடக்கின்றன. கரை சட்டென்று சரியும், அடியில் சேறு, கலங்கிய நீரில் ஒன்றும் தெரியாது. புந்தோங்கில் பிள்ளை வளர்க்கும் நாம் அதன் பயத்தை அறிவோம். அப்படியொரு பழைய சுரங்கக் குட்டை சிலாங்கூரில், பூச்சோங்கின் தாமான் புத்ரா பெர்டானாவில் இருந்தது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி அதில் விழுந்துவிட்ட 17 வயதுப் பையனைத் தேடத் தீயணைப்புப் படையின் நீர்மீட்பு வீரர்கள் இறங்கினார்கள். ஆறு பேர். ஒரே கயிற்றில் பிணைந்து தேடினார்கள். இரவில் நீரோட்டம் திடீரென்று வலுத்துச் சுழித்தது. ஆறு பேரும் உயிரிழந்தனர்.

அவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கரையில் நிற்கும் அதிகாரியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாய் கதறுகிறாள். ஊர் கூடி, "ஏன் சும்மா நிற்கிறாய், இறங்கு!" என்கிறது. நாங்களும் அத்தகைய கூட்டத்தில் நின்று சத்தம் போட்டவர்கள்தாம். அவ்வேளையில் நீரின் போக்கைப் பார்த்து, வெளிச்சத்தைப் பார்த்து, "இப்போது இறங்கக்கூடாது, பொறுங்கள்" என்று தம் ஆட்களைத் தடுப்பதற்கு, தண்ணீரில் குதிப்பதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும். கோழை என்று ஏசுவார்கள். ஏசட்டும். ஆட்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதும் அவர் வேலைதானே?

இன்னொரு சம்பவம். 1949 ஆகஸ்டு 5ஆம் தேதி, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மேன் கல்ச் என்ற மலைச்சரிவு. காட்டுத் தீயை அணைக்க விமானத்திலிருந்து குடையில் குதித்த 15 பேரும், அங்கிருந்த காவலர் ஒருவரும் சேர்ந்து 16 பேர். தலைவர் வேக்னர் டாட்ஜ். தீ திடீரென்று திரும்பிக் காய்ந்த புல்வெளி வழியே அவர்களைத் துரத்தியது. மேடேறி ஓடினார்கள். தப்ப வழியில்லை என்று கண்ட டாட்ஜ் ஒரு காரியம் செய்தார்: முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பல் நிலத்தில் வந்து படுங்கள் என்று ஆட்களை அழைத்தார். எரிய ஏதுமில்லாத இடத்தில் பெருந்தீ தங்காது அல்லவா? இலையுதிர் காலத்தில் ரப்பர்ச் சருகு பற்றிக்கொண்டால், தீ வருமுன்பே ஒரு கீற்று நிலத்தைச் சருகில்லாமல் கூட்டிவிடுவோமே, அதே சூத்திரம்தான்.

ஆனால் ஒருவர்கூட அவர் சொல்லைக் கேட்கவில்லை. தலைவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். 13 பேர் மாண்டனர். சாம்பலில் படுத்த டாட்ஜும், மலையுச்சிப் பாறை இடுக்கு வழியே தப்பிய இருவரும் பிழைத்தனர்.

யோசனை சரி, ஏன் எடுபடவில்லை? அந்த ஆட்களில் பலரோடு அவர் முன்பு சேர்ந்து வேலை செய்ததில்லை. அவர்களுக்கு அவரைத் தெரியாது. நெருப்பு முன்னே நிற்கையில் விளக்கம் சொல்ல நேரம் ஏது? நிலையத்தில் ஒன்றாகக் குழாய் சுருட்டி, ஒன்றாகத் தேநீர் குடித்து, ஒன்றாகப் பயிற்சி செய்த நாட்களில்தான் அந்த நம்பிக்கை வளரும். நல்ல தண்டல் ஆட்களின் வீட்டு நல்லது கெட்டது அறிந்திருந்ததும் இதற்காகத்தான். 1957இல் அமெரிக்க வனத்துறை வகுத்த பத்துக் கட்டளைகளில், உத்தரவைத் தெளிவாகச் சொல்லி, ஆட்களுக்கு அது புரிந்ததா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதும் ஒன்று.

தலைவர்கள் பலராகிவிட்டாலும் ஆபத்துதான். 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஒன்றாய் ஏற்றியிருந்த 'போர்ட் ஸ்டைக்கின்' கப்பல் தீப்பிடித்தது. மூழ்கடிக்கலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றார் மற்றொருவர். 900 டன்னுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சியும் தீ அடங்காமல் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தனர். இந்தியாவில் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுக்கும் வீடுகள் உண்டு. கொதிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றாதீர்கள். எண்ணெய் சிதறித் தீ பரவும். வெளியே வந்து 999ஐ அழையுங்கள். வண்டி வந்ததும் பத்துப் பேர் ஓடிச்சென்று பத்து விதமாகச் சொல்லவேண்டாம். வீட்டைத் தெரிந்த ஒருவர் மட்டும் அந்த அதிகாரியிடம் போகட்டும். அவர் கேட்பது இவைதாம்: உள்ளே எத்தனை பேர், எந்த அறையில், கேஸ் தோங் எங்கே இருக்கிறது?