தண்டியடிகள் கட்டிய கயிறு

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் தென்பாண்டி நாட்டு அன்பர்களின் நெஞ்சம் சங்கரன்கோவிலை நாடத் தொடங்கிவிடும். அரியும் அரனும் ஒருவரே என்பதை உலகம் உணரும் பொருட்டு, அன்னை கோமதி புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் இயற்றினாள். அத்தவத்துக்கு இரங்கிய இறைவன், ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாகிய சங்கரநாராயணர் கோலத்தில் அவளுக்குக் காட்சி தந்தருளினான். அதுவே ஆடித்தபசு. அந்நாளில் அம்பிகை வீதிக்கு எழுந்தருள, ஐயனும் வீதிக்கே வந்து காட்சி கொடுக்கிறான். நேர்ந்துகொண்டவர்கள் ஆலயப் பிராகாரத்தில் ஆடிச் சுற்றுச் சுற்றுகிறார்கள்.

ஒற்றைக் காலில் அம்பிகை நின்றாள். நிற்கவே இயலாத அன்பர்கள் என் செய்வார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், தென்மாவட்டத்துக் கோயில் ஒன்றின் வாசலில் ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கக் கண்டேன். வாதத்தால் கால்கள் முடங்கியவர். மகனும் மருமகளும் பேரனும் உள்ளே சென்றிருக்க, குடும்பத்தாரின் செருப்புகளுக்குக் காவலாக அவர் மட்டும் வெளியே இருந்தார். “உள்ளே போகவில்லையா, அம்மா?” என்று கேட்டேன். “ஏழு படி ஏறணும் ஐயா, கால் வராது. கோபுர தரிசனமே கோடி புண்ணியமாச்சே” என்று சிரித்தார். சற்று நேரத்தில் பேரன் திருநீற்றுடன் ஓடி வந்தான். பாட்டி முதலில் கேட்டது, “அம்மனுக்கு இன்னிக்கு என்ன நிறத்துலப்பா சேலை?” என்பதே. பையன் கவனித்திருக்கவில்லை. அவர் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தகையோரைக் காணும்போதெல்லாம் பெரியபுராணத்துத் தண்டியடிகள் நினைவுக்கு வருகிறார். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையின்றித் தோன்றிய நாயனார் அவர். திருக்கோயிலின் மேற்கே இருந்த குளம் இடமின்றிக் குறுகுவதைக் கேட்டறிந்து, தாமே அதனைத் தோண்டிப் பெருக்க முனைந்தார். குழியில் ஒரு கம்பு நட்டார். கரையில் ஒரு கம்பு நட்டார். இரண்டையும் கயிற்றால் இணைத்தார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண் கூடையைச் சுமந்து கரையேறினார். பகைத்தவர்கள் கம்புகளையும் கயிற்றையும் பறித்தபோது அவரது பணி நின்றது. அவரது பக்தியில் அப்போது அணுவளவும் குறைவில்லை. பற்றிச் செல்லக் கயிறுதான் இல்லை. அடியார் முறையிட, ஆரூர்ப் பெருமான் அரசன் கனவில் தோன்றி வழக்கைத் தீர்த்தருளினான்.

சட்டம் சொல்வது

அந்தக் கயிற்றின் இடத்தில் இன்று ஒரு சட்டம் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. பொதுமக்கள் வந்து செல்லும் கட்டடம் அரசுடையதாயினும் தனியாருடையதாயினும் அனைவரும் அணுகத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கட்டளை. மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலையம் ஆகியவற்றோடு வழிபாட்டுக்குரிய கட்டடங்களையும் அது வெளிப்படையாகச் சேர்த்துக் கூறுகிறது. புதிய கட்டடங்கள் மட்டுமல்ல. முன்பே உள்ளவையும் விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் திருத்தப்பட வேண்டும். விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதத்தில். அக்கணக்கின்படி 2022-லேயே கெடு நிறைந்துவிட்டது. அணுகலுக்கான நெறிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது.

‘கருங்கல் திருப்பணியை இடிப்பதா?’ என்று அன்பர்கள் அஞ்ச வேண்டியதில்லை. முன்னோர் எழுப்பிய தூணில் ஓர் ஆணியும் அடிக்காமலே செய்யத்தக்கவை பல உண்டு. வேண்டும்போது வைத்து, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய மரச் சாய்தளம் அவற்றுள் முதன்மையானது. ஓர் அடி உயரம் ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது அதற்கான அளவு. அரை அடி உயர வாயிற்படியைக் கடக்க, இருபுறமும் ஆறாறு அடிப் பலகைகள் போதும். வீதியில் உருண்ட சக்கரம் பிராகாரத்துள் வரலாமா என்று தயங்குவோருக்கும் வழி உண்டு: ஆலயத்துக்குள் மட்டும் பயன்படும் சக்கர நாற்காலிகளை வாசலிலேயே வைத்திருக்கலாம். படிகளின் ஓரம் கைப்பிடி, நீண்ட வரிசையில் நில்லாமல் செல்ல ஒரு வழி, தாழ்வான அர்ச்சனைச் சீட்டு மேடை, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, அன்னதானக் கூடத்தில் உயரமான இருக்கை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. செவி கேளாதவர்க்குப் பூசை நேரங்களை எழுதி வைக்கலாம். பார்வையற்றவர்க்கு அன்றைய அலங்காரத்தை அர்ச்சகர் இரண்டு வாக்கியங்களில் சொல்லலாம்.

மலையையே எளிதாக்கிய நாடு நம்முடையது. பழநியில் 1966 முதல் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப்காரும் அன்பர்களை மேலேற்றுகின்றன. சோளிங்கரில் 1,305 படி ஏற இயலாதோருக்கு 2024 மார்ச்சில் ரோப்கார் வந்தது. 1,305 படிக்கு வழி கண்டவர்களுக்கு ஏழு படி எம்மாத்திரம்?

யார் செய்வது?

உண்டியலில் விழும் காணிக்கையில், படியேற இயலாத அந்த மூதாட்டி முடிந்து வைத்த பணமும் இருக்கிறது. பேரன் கையில் கொடுத்து அனுப்பிய காணிக்கை உள்ளே சென்றுவிட்டது. கொடுத்தவர் வாசலில் நின்றுவிட்டார். இதைச் சரிசெய்வது தருமம் மட்டுமன்று, கடன்.

ஆலய நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்பது ஒரு வழி. உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள், மண்டபத்துக்கு மற்றொரு மின்விளக்கு வழங்குவதற்கு மாறாக, ஒரு சாய்தளத்தையோ சக்கர நாற்காலியையோ வழங்கலாம். திருப்பணியும் குடமுழுக்கும் நடைபெறும் காலத்தில் இதனையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்வது மிக எளிது.

நடக்க இயலாதோர்க்காகவே உற்சவமூர்த்தி வீதியுலா வருகிறான் என்று பெரியோர் கூறுவர். அது உண்மை. ஆயினும் தபசுக் காட்சி ஆண்டுக்கு ஒருமுறை. அன்னையின் சேலை நிறத்தை அறிய விரும்பும் உள்ளங்களுக்கோ நாள்தோறும் தரிசனம் வேண்டும். இறைவன் வீதிவரை இறங்கி வருகிறான். வாசலிலிருந்து கருவறைவரை கயிறு கட்டவேண்டியவர்கள் நாம்.