வடக்கே பனி, யோங் பெங்கில் மழை

மாணவர்களே, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் கூரையும் மரமும் வெண்பனி போர்த்தி நிற்கும். ஆனால் டிசம்பர் 25 அன்று யோங் பெங்கில் சன்னலைத் திறந்தால் தெரிவது செம்பனை மரங்களும் மழைமேகமும்தான். அந்தக் குளிருக்கும் இந்த மழைக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா?

பனி எங்கே உறுதி?

மேகத்தின் உச்சியில் நீராவி உறைந்து பனிப் படிகமாகிறது. அது உருகாமல் தரையைத் தொட, வழியெங்கும் காற்று 0 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள சைபீரியாவின் உட்பகுதியில் டிசம்பரில் இந்த நிலை நீடிக்கிறது. பிரிட்டனோ கடல் சூழ்ந்த நாடு. கடல் காற்றைச் சூடாக்குவதால், அங்குக் கிறிஸ்துமஸ் பனி எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. ஒரே ஒரு பனித்துகள் விழுந்தாலே அதை 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்று அந்நாட்டு வானிலைத் துறை பதிவு செய்கிறது.

யோங் பெங் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் உள்ளது. இங்கே வெப்பநிலை 0 பாகைக்கு இறங்க, சுமார் 5 கிலோமீட்டர் உயரே செல்ல வேண்டும். நம் தலைக்கு மேலும் பனிப் படிகங்கள் உருவாகின்றன. இறங்கும் வழியில் அவை உருகி மழைத்துளிகளாகிவிடுகின்றன.

குளிர் நம்மை எப்படி அடைகிறது?

சைபீரியாவின் நீண்ட குளிர்கால இரவுகளில் நிலம் வெப்பத்தை இழக்கிறது. அதன் மேலுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, உயர் அழுத்தமாகத் தேங்குகிறது. அவ்வப்போது அது சீனாவைக் கடந்து தெற்கே பாய்கிறது. வெதுவெதுப்பான தென்சீனக் கடலைக் கடக்கையில் குளிரை இழந்து, நீராவியை அள்ளிக்கொள்கிறது. ஜொகூரை அடைந்து மேலெழும்போது அந்த நீராவி கனமழையாகக் கொட்டுகிறது. மேகம் வெயிலை மறைப்பதால் நமக்கும் போர்வை தேவைப்படுகிறது.

2006 டிசம்பரில் இத்தகைய மழையால் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2007 ஜனவரியில் மீண்டும் வெள்ளம் வந்தது. யோங் பெங் அமைந்துள்ள பத்து பஹாட் மாவட்டமும் பாதிக்கப்பட்டது. மாநிலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

ஆகவே, விடுமுறையிலும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைக் கவனியுங்கள். தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகள் உண்டு. சிவப்பே மிகவும் அபாயமானது. உங்கள் வீடு தாழ்வான இடத்தில் இருந்தால், மஞ்சள் நிலையிலேயே பாடநூல்களையும் பிறப்புப் பத்திரத்தையும் உயரமான இடத்தில் எடுத்து வையுங்கள்.