சோகையும் பூஞ்சணமும்

குடியாத்தத்தைச் சுற்றிலும் பாலாற்றங்கரையிலும் கரும்பு பயிராகும் ஊர்களில், வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊரில் தீக்குச்சிக்குப் பஞ்சமா? மறுதாம்புக்கு நிலம் விரைவில் வேண்டுமென்பது குடியானவர் கூறும் காரணம், அதில் நியாயமுண்டு. ஆனால் பெட்ரோலில் 100க்கு 20 பங்கு எரிசாராயம் கலக்கும் ஏற்பாடு 2025இல் நம் தேசத்தில் நிறைவேறியிருக்கிறது. அதற்குக் கரும்புப் பாகோடு மக்காச்சோளமும் அரிசியும் செலவாகின்றன. உண்ணத் தக்கதை எரிபொருளாக்கி, உண்ணத் தகாததை வயலிலே கொளுத்துவது என்ன சிக்கனமோ, நமக்கு விளங்கவில்லை.

சோகையிலிருந்தும் எரிசாராயம் இறக்கலாம். அதன் பெரும்பகுதி செல்லுலோஸ். அதாவது, சர்க்கரையே சங்கிலியாய்ப் பிணைந்து இறுகிய பொருள். அந்தப் பிணைப்பை அறுக்க ஈஸ்ட்டுக்குச் சக்தியில்லை, பூஞ்சணத்துக்கு உண்டு. ஈரம் பட்ட பருத்தித் துணி பூசணம் பூத்து இற்றுப்போவதைக் குடியாத்தத்துக் கைலி நெசவாளரைக் காட்டிலும் யார் அறிவார்? இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஸாலமன் தீவுகளில் அமெரிக்கச் சேனையின் கூடாரத் துணிகள் இவ்வாறே இற்றன. காரணம் ஆராய்ந்த விஞ்ஞானிகளுள் ஒருவரான எல்வின் ரீஸ் என்பாரின் பெயரால், அப்பூஞ்சணம் 1977இல் டிரைக்கோடெர்மா ரீஸை எனப்பட்டது. துணியைக் காக்கப் புகுந்தவர்கள், துணி தின்னும் பூஞ்சணத்தைப் போற்றி வளர்க்கலானது வேடிக்கையே! அது சுரக்கும் நொதிதான் செல்லுலோஸைச் சர்க்கரையாக்குகிறது. அதே இனத்து டிரைக்கோடெர்மா விரிடியை, வேரழுகல் வராதிருக்க, கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் நிலக்கடலையில் கலந்து விதைப்பதை நம் குடியானவர் அறிவர்.

ஹரியானாவில் பானிப்பட்டு நகரருகே இந்தியன் ஆயில் நிறுவனத்தாரின் வைக்கோல் எரிசாராய ஆலை 2022 ஆகஸ்டு 10இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம். முதலீடு 900 கோடி ரூபாய்க்கு மேல். வைக்கோலை நறுக்கி வேகவைத்து லிக்னினின் கட்டைத் தளர்த்தி, நொதியிட்டுச் சர்க்கரையாக்கி, அதன்பின் புளிக்க வைக்கிறார்கள்.

இதனை அப்படியே இங்கே பெயர்த்து நடவேண்டுமென்று நாம் சொல்லோம். வடக்கே நெல் வைக்கோல் வேண்டாப் பொருள். இங்கே அது மாட்டுக்கு ஆகாரம். அதன் விலையை ஆலை ஏற்றிவிட்டால், இரண்டு மாடு வைத்திருக்கும் ஏழையின் வயிற்றில் அடித்ததாகும். ஆகவே சோகையே தகுந்தது; அதிலும் ஒரு பங்கு வயலில் மூடாக்காகக் கிடக்க வேண்டும். நொதியின் விஷயம் வேறு. இத்தொழிலில் பெருஞ்செலவுகளில் ஒன்று அதுவே. நொதி வியாபாரத்தில் டென்மார்க்கு தேசத்துக் கம்பெனியொன்று முன்னிற்கிறது. அந்நிய எண்ணெயை விட்டு அந்நிய நொதிக்குக் கையேந்துவதில் நமக்குச் சம்மதமில்லை.

நமது பகுதிக்கு அம்முண்டியில் வேலூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கோயம்புத்தூரில் விவசாய சர்வகலாசாலை இருக்கிறது. இரண்டையும் இணைத்து, சோகைக்கு ஏற்ற நொதியை இங்கேயே வளர்க்கும் சிறு சோதனைச்சாலை ஒன்றைச் சர்க்கார் தொடங்கட்டும். சோகையைக் கட்டி ஏற்றும் கூலியும், அதற்கு மேல் டன்னுக்கு இன்ன விலையென்பதும், கரும்புக் கிரயத்தோடு முன்கூட்டியே அறிவிக்கப்படட்டும்.