சும்மா இருக்கும் கணினியை எழுப்புவது யார்?

எந்த நிரலும் ஓடவில்லை. ஆனாலும் லேப்டாப்பின் அடிப்பக்கம் சுடுகிறது, ஃபேன் இரைகிறது, பேட்டரி கண்ணெதிரே கரைகிறது. "லினக்ஸ் போட்டாலே பேட்டரி நிக்காதுங்க" என்று பலர் இந்த இடத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசர முடிவு அது. பெரும்பாலும் ஏதோ ஒரு நிரலோ வன்பொருளோ பிராசசரைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டிருக்கும்.

வேலை இல்லாதபோது பிராசசர் சி-நிலைகள் எனும் உறக்கப் படிகளில் இறங்கும். ஆழமாக இறங்க இறங்க மின்சாரம் மிச்சம். ஆனால் ஒவ்வொரு முறை எழவும் நேரமும் மின்சாரமும் செலவாகும். அடிக்கடி எழுப்பினால் ஆழத்துக்குப் போகவே வழியில்லை. அதனால்தான் பிராசசர் பயன்பாடு 2 சதவீதம் என்று திரை காட்டும்போதும் பேட்டரி இறங்குகிறது. ஒரு காலத்தில் கெர்னலே குற்றவாளி: வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமைப்பைப் பொறுத்து, நொடிக்கு 100, 250 அல்லது 1000 முறை அதன் கடிகாரம் பிராசசரைத் தட்டும். 2007-ல் வந்த 2.6.21 பதிப்பில் இந்த வழக்கம் மாறத் தொடங்கியது. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்ற கருவி, மற்ற நிரல்களின் குட்டையும் உடைத்தது.

இன்றும் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான். சார்ஜரைக் கழற்றி, வேலை எதுவும் கொடுக்காமல், ரூட் அனுமதியுடன் ஓடவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். வாட் கணக்கு வெறும் மதிப்பீடு. நொடிக்கு எத்தனை விழிப்பு என்ற எண்ணே முக்கியம். பிரவுசர் முன்னால் நின்றால் டேபை மூடினாலே பாதி தீர்ந்தது.

பட்டியலில் ஏசிபிஐ இன்டரப்ட், அதாவது மின் மேலாண்மைக்காக வன்பொருள் கெர்னலுக்கு அனுப்பும் சமிக்ஞை, உச்சத்தில் நின்றால் கதை வேறு. ப்ராக் அடைவின் இன்டரப்ட்ஸ் கோப்பைப் பத்து நொடி இடைவெளியில் இரண்டு தடவை படியுங்கள். ஏசிபிஐ வரிசையில் எண் ஆயிரக்கணக்கில் தாவியிருந்தால் அது இன்டரப்ட் புயல். பெரும்பாலும் பயாஸ் கோளாறு. சிஸ் அடைவில், ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று உள்ளே போனால் ஜிபிஇ என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். லட்சங்களில் எண் காட்டுவது எதுவோ, அதில் 'டிஸேபிள்' என்ற சொல்லை எழுதினால் புயல் அடங்கும். ஆனால் மூடி மூடுவதையும் சார்ஜர் செருகுவதையும் தெரிவிப்பது அதே சமிக்ஞையாக இருக்கலாம். அவை வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். சிக்கல் வந்தால் மறுதொடக்கம் செய்தாலே பழைய நிலை திரும்பிவிடும். நிரந்தரத் தீர்வு பயாஸ் புதுப்பிப்புதான்.

பவர்டாப்பின் தானியங்கிச் சீரமைப்பை ஒரேயடியாக இயக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. யூஎஸ்பி மவுஸ் தூங்கிப்போகும். வட்டில் எழுதும் இடைவெளி 5 நொடியிலிருந்து 15 ஆகும். அந்த நேரம் மின்சாரம் போனால் இழப்பு கூடும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று கெர்னல் கட்டளை வரியில் எப்போதோ சேர்த்த 'மேக்ஸ் சிஸ்டேட்' வரி இன்னும் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஆழ்ந்த உறக்கத்தைத் தடுப்பதே அதன் வேலை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'கேவொர்க்கர்' என்ற பெயரில் ஏதாவது விடாமல் ஓடினால் அதன் தாய்ச் செயல்முறையின் எண்ணைப் பாருங்கள். உண்மையான கேவொர்க்கருக்கு அது 2 என்றிருக்கும். வேறு எண் காட்டினால், அதே பெயரை வேஷமாகப் போட்டுக்கொண்ட கிரிப்டோ நாணயச் சுரங்க நிரலாக இருக்கலாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

உரிமை என்று பார்த்தால், கெர்னலின் ஜிபிஎல் உரிமம் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் உரிமை தருகிறது; உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. பிழையைத் தெரிவிக்கலாம், இழப்பீடு கேட்க முடியாது. வன்பொருளும் பயாஸும் அப்படியல்ல. லினக்ஸோடே விற்கப்பட்ட லேப்டாப் என்றால் "அது எங்கள் பொறுப்பில்லை" என்று நிறுவனம் எளிதில் கைகழுவ முடியாது. இந்தியாவில் வாங்கியவர்கள், நிறுவனம் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்துக்குப் போவதென்றால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். புகாரோடு பில், பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிப்பு, பத்து நொடி இடைவெளியில் எடுத்த அந்த இரண்டு இன்டரப்ட் கணக்குகள் ஆகியவற்றையும் இணைத்துவிடுங்கள்.